கன்னங்குறிச்சி வெயிலில் ஒரு தங்கமீன் குளம்: ஜனவரி முதல் மே வரை

வீட்டுக் குளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் குளத்தை முதலில் தோண்டிவிட்டு, அருவியைக் கடைசியில் ஒரு ஓரமாக ஒட்டவைக்கிறார்கள். கன்னங்குறிச்சி இருக்கிற சேலத்தில் அந்த வரிசை சரிப்படாது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சு அதிகம் தேவை. சித்திரை வெயிலில் இந்த இடைவெளியை நிரப்பப் போவது விழுகிற தண்ணீர்தான். அதனால் அருவியின் அகலம், அதற்கு எவ்வளவு தண்ணீர், அதற்கேற்ற மோட்டார் என்று கணக்கை மேலிருந்து தொடங்கினோம்.

ஜனவரி முதல் வாரம்: குழி

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மண் வெட்டுவதற்கு இளகி இருக்கும் நேரம். 10 அடி நீளம், 6 அடி அகலம், முட்டை வடிவம். நடுவில் 3 அடி ஆழம், ஒரு பக்கம் 2 அடியில் ஒரு படி, அதற்கு மேலே செடித்தொட்டி வைக்க 9 அங்குலத்தில் இன்னொரு படி. இரண்டடிக் குளம் போதும் என்று சிலர் சொல்வார்கள். மே மாதம் மீன்கள் அத்தனையும் அந்த மூன்றடிப் பள்ளத்தில்தான் கிடக்கும், அதைக் குறைக்க வேண்டாம்.

ஒன்றரை அடி வரை செம்மண், அதன் கீழே சுக்கான் என்னும் கெட்டியான சுண்ணாம்புக் கல். கடப்பாரை இல்லாமல் நகராது. சுக்கானைத் தோண்டினால் கூரான துண்டுகள் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டு நிற்கும், ஷீட்டைக் கிழிப்பவை இவைதான். கையால் தடவிப் பார்த்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு, ஈர மண் பூசி மழுக்கினோம். விளிம்பு முழுக்க மட்டக்குழாய் பிடித்துப் பார்ப்பது கட்டாயம். 10 அடிக்கு 1 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், தண்ணீர் நிரப்பிய பிறகு ஒரு பக்கம் ஷீட் கறுப்பாகத் தெரியும், இன்னொரு பக்கம் வழியும். கரையைச் சுற்று மண்ணைவிட 3 அங்குலம் உயர்த்தினோம். கோடை மழையில் தோட்டத்து மண்ணும் உரமும் உள்ளே வராமல் இருக்க அந்த 3 அங்குலம் போதும்.

இரண்டாம் வாரம்: ஷீட்

நீளத்துக்கான கணக்கு: குழியின் நீளம் + ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு + இருபுறமும் ஒவ்வொரு அடி. அதாவது 10 + 6 + 2 = 18 அடி. அகலத்துக்கு 6 + 6 + 2 = 14 அடி. பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. ஷீட் மலிவு, ஆனால் விறைப்பானது. வளைவுகளில் பெரிய பெரிய மடிப்பு விழும், அந்த மடிப்புக்குள் கழிவு தேங்கும். 1 மில்லிமீட்டர் இ.பி.டி.எம். ரப்பர் ஷீட் விலை கூடுதல், ஆனால் சேலையைப் போல் படியும். சிறிய குளத்துக்கு ரப்பரே சரி.

ஷீட்டுக்கு அடியில் 2 அங்குலம் சலித்த மணல், அதன்மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர் இரண்டு அடுக்கு. சணல் சாக்கு போட்டால் ஒரு வருடத்தில் மக்கி அந்த இடம் வெற்றிடமாகிவிடும். பெருச்சாளி நடமாட்டம் உள்ள இடமென்றால் எல்லாவற்றுக்கும் கீழே கம்பி வலையும் வேண்டும்.

தண்ணீரை 500 லிட்டர் தொட்டியில் பிடித்து, எண்ணிக்கொண்டே விட்டோம். ஐந்தரைத் தொட்டி, 2,750 லிட்டர். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உப்போ மருந்தோ போடும்போது ஊகத்தில் போட முடியாது.

மூன்று, நான்காம் வாரம்: அருவி

தகடு போல் மெல்லிய விழுச்சிக்கு, வாய் அகலத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மணிக்கு சுமார் 150 லிட்டர் வேண்டும். வாய் 25 சென்டிமீட்டர் என்றால் 3,750. தாராளமாக 4,000 லிட்டர். மோட்டார் பெட்டியில் 6,500 என்று அச்சிட்டிருப்பது தண்ணீரை ஏற்றாமல் தள்ளும்போது வரும் அளவு. தண்ணீர் முதலில் மேட்டின் பின்னால் வைக்கும் வடிகட்டி ட்ரம்முக்கு ஏறும். நீர்மட்டத்திலிருந்து அந்த ட்ரம்மின் தலை வரை மூன்றரை அடி, அதோடு குழாய் உராய்வு, இரண்டும் அந்த அளவைக் குறைக்கும். அந்த 6,500 மோட்டார், மூன்றரை மீட்டர் வரை ஏற்றக்கூடியது, 80 வாட்.

முதலில் போட்டது 1 அங்குலக் குழாய். 20 லிட்டர் வாளி நிறைய 26 விநாடி, அதாவது மணிக்கு சுமார் 2,770 லிட்டர். அருவி தகடாக விழாமல் கயிறு கயிறாகப் பிரிந்தது. அதே மோட்டாரை வைத்துக்கொண்டு குழாயை ஒன்றரை அங்குலமாக்கி, இரண்டு எல்போவை எடுத்துவிட்டு, வளையும் ஹோஸ் போட்டதும் 18 விநாடி, சரியாக 4,000. பெரிய மோட்டார் வாங்கக் கிளம்பும் முன் குழாயைப் பாருங்கள்.

தோண்டிய மண்ணையே அருவி மேடாக்குவது வழக்கம். நாங்களும் அதையே செய்தோம், ஆனால் ஒரே நாளில் குவித்தது தவறு. பத்து நாளில் மேடு ஒரு பக்கம் அமுங்கி, வாய்க்கல் 5 மில்லிமீட்டர் சாய்ந்தது. அந்த 5 மில்லிமீட்டருக்கே தண்ணீர் முழுவதும் ஒரு மூலைக்கு ஓடிவிட்டது. பிரித்து, அரை அடிக்கு அரை அடி தண்ணீர் தெளித்துத் திம்சு போட்டு, வாய்க்கல்லுக்குக் கீழே மட்டும் செங்கல் கட்டி எழுப்பினோம். வாய்க்கல் கீழ்க்கல்லைவிட 2 அங்குலம் முன்னால் நீட்டி நிற்க வேண்டும், அதன் விளிம்பு கூராக இருக்க வேண்டும். உருண்டை விளிம்பென்றால் தண்ணீர் கல்லின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு ஓடும்.

மேட்டின் ஷீட் தனி, குளத்தின் ஷீட் தனி. ஓடு வேய்வதைப் போல மேல்ஷீட் கீழ்ஷீட்டின் மேல் குறைந்தது ஓரடி ஏறி இறங்க வேண்டும். கற்களுக்கு இடையிலான பொந்துகளில், பீய்ச்சியதும் விரிந்து இறுகும் பி.யூ. ஃபோம் அடைத்தால்தான் தண்ணீர் கல்லுக்கு மேலே வரும். இல்லாவிட்டால் அடியிலேயே ஒளிந்து ஓடி, அருவியே தெரியாது. ஃபோம் வெயில் பட்டால் பொடிந்துபோகும், அதனால் மேலே மணல் தூவி மறைத்தோம்.

கல் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்குத் தனி எச்சரிக்கை. சேர்வராயன் அடிவாரத்துக் கருங்கல், சார்னோகைட், தண்ணீரில் எதையும் விடாது, தாராளமாகப் போடலாம். வெள்ளையாக அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக்கல்லை எடுத்துவிடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு நுரைக்கிறதா என்று சோதிப்பது வழக்கம். சேலத்து வெள்ளைக்கல்லான மாக்னசைட் இந்தச் சோதனையில் தப்பிவிடும். குளிர்ந்த, நீர்த்த அமிலத்தில் அது ஏறக்குறைய நுரைப்பதே இல்லை. ஆனால் அதுவும் கார்பனேட்தான். ஏற்கெனவே கடினமான போர் தண்ணீரில் அதையும் சேர்க்க வேண்டாம்.

மோட்டாரைப் பள்ளத்தின் அடியில் வைக்காமல் இரண்டடிப் படியில் வைத்தோம். நடு இரவில் ஹோஸ் கழன்றாலும் கீழே ஓரடித் தண்ணீர் மீனுக்கு மிஞ்சும். மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி.யும் நல்ல எர்த்தும் இல்லாமல் குளத்து மோட்டாருக்கு இணைப்பு கொடுக்கவே கூடாது. இரவு பகல் ஓடினால் இருமாதக் கணக்கில் சுமார் 115 யூனிட் ஏறும்.

பிப்ரவரி: வடிகட்டியும் காத்திருப்பும்

மேட்டின் பின்னால் 200 லிட்டர் நீல ட்ரம். சமையல் எண்ணெயோ உணவுப் பொருளோ வந்த ட்ரம் மட்டும் வாங்குங்கள். ரசாயனம் வந்ததைக் கழுவியும் பயனில்லை. தண்ணீர் மேலே நுழைந்து உட்குழாய் வழியாக அடிக்குப் போய், மேலேறி 3 அங்குலக் குழாயில் அருவிக்கு வெளியேறும். உட்குழாயின் தலையில், நீர்மட்டத்துக்கு மேலே, ஒரு சிறு துளை போட்டுவிட்டால் மின்சாரம் நின்றதும் காற்று நுழைந்து, ட்ரம் தண்ணீர் மோட்டார் வழியே பின்னுக்கு இறங்காது. உள்ளே கீழடுக்கில் முரட்டு ஸ்பாஞ்ச், மேலே பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் 150 எண்ணம். வாயை மூடி வைக்காவிட்டால் கொசு அங்கேதான் முட்டையிடும். குளத்துக் கொசுப்புழுவை மீன் தின்றுவிடும், ட்ரம்முக்குள் மீன் இல்லையே.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். இவை நாரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சேலத்தில் இதை அவசரப்படுத்தக் கூடாததற்குக் காரணம் உண்டு. தண்ணீரின் அமில-கார அளவான பி.எச். 7, 25 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8, 30 டிகிரியில் அது 7 சதவீதத்தைத் தாண்டும். அதாவது ஊட்டியில் தாங்கும் அதே கழிவு அளவு இங்கே மீனைக் கொன்றுவிடும்.

மீன் இல்லாமலேயே தினம் ஒரு சிட்டிகைத் தீவனம் போட்டு, சோதனைக் கிட்டில் பார்த்து வந்தோம். இரண்டாம் வாரம் அம்மோனியா உச்சம், நான்காம் வாரம் நைட்ரைட் உச்சம், ஆறாம் வாரம் இரண்டும் பூஜ்யம். நன்றாக ஓடும் பழைய மீன்தொட்டியின் ஸ்பாஞ்சைப் பிழிந்து ஊற்ற முடிந்தால் இது பாதியாகக் குறையலாம்.

மூன்றாம் வாரம் குளம் பட்டாணிச் சாறு போல் பச்சையானது. எல்லாப் புதுக் குளமும் பச்சையாகும். இந்த நேரத்தில் தண்ணீரை மாற்றினால் பாசிக்குப் புது உணவு கொடுத்ததாகவே ஆகும். மயில்துத்தம் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். தாமிரம் மீனுக்கு நஞ்சு, செத்த பாசி அழுகும்போது இருக்கிற ஆக்சிஜனையும் குடித்துவிடும். மேற்பரப்பில் பாதியையாவது அல்லி இலை மூட வேண்டும், அடியில் வேலம்பாசி வேண்டும். அருவி விழும் ஓரத்தில் ஜல்லித்தொட்டியில் வெட்டிவேர் நட்டது எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. நைட்ரேட்டை உறிஞ்ச அதைப்போல் ஒன்றில்லை. ஆகாயத்தாமரையும் உறிஞ்சும், ஆனால் வாரத்துக்கு ஒரு கூடை வழிக்க வேண்டிவரும். வழித்ததை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். மூக்கனேரியிலோ வேறு ஏரியிலோ ஒரு துண்டுகூட விழக்கூடாது. வளர்ந்து பெருத்த தங்கமீனுக்கும் இதே விதிதான்.

மார்ச் மூன்றாம் வாரம்: மீன்

காமெட் வகை, இரண்டரை அங்குலம், பத்து எண்ணம். வளர்ந்த மீனுக்குத் தலைக்கு 200 லிட்டர் கணக்கில் இதற்கு மேல் ஏற்றவில்லை. சுபுங்கினும் இதற்குப் பொருந்தும். ஒராண்டா, ராஞ்சு போன்ற குண்டு மீன்கள் அருவி இழுப்பில் களைத்துப்போகும். சென்னை கொளத்தூரிலிருந்து வந்தாலும் பக்கத்துக் கடையில் வாங்கினாலும், மூன்று வாரம் 100 லிட்டர் தொட்டியில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். நங்கூரப்புழு, மீன்பேன் இரண்டும் கண்ணுக்கே தெரியும். அந்தத் தொட்டியில் அயோடின் சேராத கல் உப்பு லிட்டருக்கு 3 கிராம், மூன்று தவணையாகப் பிரித்து. மீன் வந்த பையின் தண்ணீர் குளத்துக்குள் போகவே கூடாது.

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போட வேண்டும்.

ஏப்ரல், மே

மாலை 3 மணிக்கு மேல்தண்ணீர் 33 டிகிரி, பள்ளத்தில் 29. ஏழடி உயரத்தில் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டியதும் மேல்தண்ணீர் 30க்கு வந்தது. தீவனத்தைக் காலையில் ஒருவேளையாகக் குறைத்தோம். மீன் மூச்சுக்குத் தவிக்கும் நேரம் மத்தியானம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் விடியற்காலை 5 மணிதான். இரவெல்லாம் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனையே எடுத்துக்கொண்டிருக்கும். இரவில் மோட்டாரை நிறுத்தி மின்சாரம் மிச்சம் பிடிப்பவர்கள் மீனை இழப்பது இதனால்தான். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் ஓடும் சின்ன ஏர் பம்ப் தனியாக உண்டு. வெட்டு ஆறு மணி நேரத்தைத் தாண்டினால், மோட்டார் போடும் முன் ட்ரம்மின் தேங்கிய தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், அது அழுகத் தொடங்கியிருக்கும்.

நீர்மட்டம் தினம் 1 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியது. ஒழுக்கா, ஆவியா? ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிச் செடிப்படியில் வைத்து, மோட்டாரை நிறுத்தி ஒரு பகல் பொழுது விட்டோம். வாளியும் குளமும் ஒரே அளவு இறங்கின. ஆகவே ஷீட்டில் பழுதில்லை. மோட்டார் ஓடும்போது மட்டும் அதிகம் இறங்கியதால் குற்றவாளி அருவியின் தெறிப்பு. விழும் இடத்தில் தட்டையான கல்லை உள்பக்கமாகச் சாய்த்ததும் பாதி குறைந்தது. ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகும். மேலே மேலே போர் தண்ணீரையே ஊற்றினால் கல்லில் வெள்ளைப் படிவம் ஏறும். ஈடு செய்ய, குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்த மேட்டூர்க் குழாய்த் தண்ணீர், வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்று.

ஏற்காட்டில் கட்டுகிறவர்களுக்கு நிலைமை வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஆக்சிஜன் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும், குளிர் அதை ஈடுகட்டிவிடும். அங்கே தண்ணீர் மென்மையானதாக இருந்தால் பி.எச். சட்டென்று சரியும், ட்ரம்மில் ஒரு கிலோ கிளிஞ்சல் போட்டு வைக்கலாம். சில்வர் ஓக் சருகுக்கு மேலே வலை வேண்டும்.

மே கடைசியில் மடையான் ஒன்று காலையில் வந்து செடிப்படியில் நிற்கத் தொடங்கியது. 9 அங்குலப் படி அதற்கு வசதியான நிற்குமிடம். படியில் தொட்டிகளை நெருக்கி, கரையிலிருந்து அரையடி உயரத்தில் இரண்டு வரிசை மீன்பிடி நரம்பு கட்டியாயிற்று. பத்து மீனும் இருக்கின்றன.