ஐஸ் ஹவுஸ்காரிக்கு ஐஸ் இல்ல

மூணு நாளா ராத்திரி தூக்கம் இல்ல. கிச்சன்ல சத்தமே வரல, அதான் காரணம். இந்த வீட்டுக்கு வந்த புதுசுல நடுராத்திரி தடதடன்னு என்னமோ கொட்டி, திருடன்தான்னு நெனச்சு தோசைக்கரண்டியோட போய் நின்னவ நான். ஃப்ரிட்ஜ் தானா ஐஸ் போட்டு தானா கொட்டிக்கும்னு யாரு கண்டா? நம்ம வீட்டுல ஐஸ்னா டிரேல தண்ணி ஊத்தி, பாதியை தரையில சிந்தி, அப்புறம் ஃப்ரீசரோட ஒட்டிக்கிட்ட டிரேயை அம்மா கத்தியால நெம்ப, "குத்தாத, கேஸ் போயிடும்"னு அப்பா ஹால்ல இருந்து கத்தணும். இப்போ அந்தத் தடதட இல்லாம எனக்குத் தூக்கம் வரல. பாஸ்டன் பக்கம் கேம்பிரிட்ஜ் வந்து மூணு வருஷம், நல்லாவே செட்டில் ஆயிட்டேன்னு வெச்சுக்கோங்க.

வெளிய மைனஸ் பத்து, பால்கனி பூரா பனி. வீட்டு ஓனருக்கு மெசேஜ் போட்டா "பால்கனில ஒரு பாத்திரத்துல தண்ணி வையேன்"னு பதில், கூடவே சிரிக்கிற பொம்மை வேற. அம்மாகிட்ட பொலம்பினா "இந்தக் குளிர்ல உனக்கு எதுக்குடி ஐஸ்?"ங்கறா. நியாயமான கேள்விதான், ஆனா குடுக்கற வாடகைல அந்த ஐஸும் சேர்த்தி இல்லையா.

ஆள் வந்து எட்டிப் பாக்கறதுக்கே நூத்திருபது டாலராம், ரிப்பேர் தனி. அதுவும் அடுத்த வியாழக்கிழமை, காலைல எட்டுல இருந்து சாயங்காலம் அஞ்சுக்குள்ள எப்போ வேணா வருவாங்களாம். திருவல்லிக்கேணில எங்க தெரு மெக்கானிக் அண்ணன் டிவிஎஸ் ஃபிஃப்டில கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கிட்டு, கூப்பிட்ட அரைமணில வந்து, ஃப்ரிட்ஜ் பின்னாடி காதை வெச்சுக் கேட்டுட்டே "கம்ப்ரஸர் ஓடலம்மா, ரிலேதான்"னு சொல்லிடுவாரு. காபி குடிக்காம போக மாட்டாரு, போகும்போது கிரைண்டரையும் ஒரு தட்டு தட்டிட்டுப் போவாரு.

அப்பா என்ன பண்ணாரு, வீடியோ கால்ல போனைத் தூக்கிட்டு நேரா அவர் கடைக்கே போயிட்டாரு.

"எவ்ளோ டிகிரி காட்டுதும்மா?"

"ஜீரோண்ணே."

"பூஜ்யமா? அதான் உறையல! இன்னும் கொறைச்சு வைம்மா."

இது ஃபாரன்ஹீட்டு, நம்ம கணக்குல மைனஸ் பதினெட்டுன்னு வெளக்கறதுக்குள்ள பின்னாடி டீக்கடைக்காரர் வரைக்கும் சேர்ந்துக்கிட்டாரு. ஐஸ் பெட்டிக்கு மேல ஒரு கம்பி இருக்கும், அது தூக்கி இருந்தா மெஷின் பெட்டி ரொம்பிடுச்சுன்னு நெனச்சு சும்மா இருந்துடும். பாத்தேன், எறங்கித்தான் இருந்துச்சு. "ஃப்ரிட்ஜ் கதவுக் குழாய்ல தண்ணி புடிச்சுக் காட்டு"ன்னாரு. சித்திரை மாசத்து அடிபம்பு மாதிரி நூலா வருது. ஃப்ரிட்ஜோட தண்ணி ஃபில்டரை எப்போ மாத்தினன்னு கேட்டாரு. ஆறு மாசத்துக்கு ஒருதடவை மாத்தணுமாம். செவப்பு லைட்டு தீபாவளிக்கு முன்னாடியே வந்துச்சு, நான்தான் ஏதோ அழகுக்கு எரியுதுன்னு விட்டுட்டேன். ஃபில்டர் அடைச்சு, தண்ணி சொட்டுச்சொட்டா போயி, ஐஸ் டிரேக்குப் போற டியூப்லயே உறைஞ்சு நிக்குது. இந்த மாதிரி ஃப்ரிட்ஜை அவர் கழட்டினதே இல்லையாம், எட்டாயிரம் மைலுக்கு அந்தாண்ட இருந்து சொல்றாரு பாருங்க.

"ப்ளக்கைப் புடுங்கிட்டு ஹேர் டிரையர் காட்டும்மா, லேசான சூட்ல, பிளாஸ்டிக் உருகிடப் போவுது."

இருபது நிமிஷம் காட்டினேன். கை வலிக்குது, மனசு எங்கயோ போகுது. எங்க வீட்டுக்கு வழி கேட்டா "ஐஸ் ஹவுஸ் ஸ்டாப்பிங்ல எறங்குங்க"ன்னுதான் சொல்லுவோம், ஐஸ் எங்க ஹவுஸ் எங்கன்னு யாரும் யோசிச்சதில்ல. பீச் எதிர்ல வட்டமா நிக்கற அந்த விவேகானந்தர் இல்லம், 1842 வாக்குல ஃப்ரெடரிக் டியூடர்னு ஒரு பாஸ்டன் வியாபாரி ஐஸ் வெக்கறதுக்குன்னே கட்டினது. இங்க ஏரில பாளம் பாளமா வெட்டி, மரத்தூள் போட்டு மூடி, கப்பல்ல மாசக்கணக்கா மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கான். கரைஞ்சது போக மிச்சம் துரைமார் கிளாஸுக்கு. விவேகானந்தர் 1897ல வந்து தங்கினப்போ ஐஸ் வியாபாரமெல்லாம் முடிஞ்சு போயிருந்துச்சு. அவன் வெட்டின ஏரிகள்ல ஒண்ணு ஃப்ரெஷ் பாண்ட். நான் சாயங்காலம் வாக்கிங் போற ஏரி! அங்க இருந்துதான் இந்த ஊருக்குக் குழாய்த் தண்ணியே.

டியூப்ல இருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஐஸ் குச்சி வழுக்கி கையில விழுந்துச்சு, அப்படியே குச்சி ஐஸ், சேமியா மட்டும்தான் இல்ல. ஃபில்டர் நாப்பது டாலர். மாட்டிட்டு ஒரு நாள் காத்திருந்தேன். ராத்திரி ரெண்டரைக்கு தடதட.

உடனே போன் போட்டேன், அங்க மதியம். ஏரி கதையையும் சேர்த்தே சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசல.

"அப்போ அந்தக் காலத்துல நம்ம தெருவுக்கு வந்த தண்ணியத்தான் நீ அங்க குடிக்கிறியா?"

பின்னாடி அம்மா குரல், "வெந்நீர் வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க."