1/35 ஃப்ரிகேட் குறுக்குவெட்டு: இடது பக்கக் கூரை ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது

நான் 35ல் ஒரு பங்கு அளவில் கட்டிவரும் ஃப்ரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்) மாடலின் இடது பக்கத்துக்குக் கூரை போட்டாயிற்று. மூன்றடுக்குப் படுக்கைகள், நடுவில் நடைவழி, அதற்கு மேலே டக்ட் (காற்று போகும் குழாய்), கேபிள் டிரே (மின்கம்பிகளைத் தாங்கும் தட்டு), தீயணைப்புக் குழாய், விளக்குகள் என எதுவும் எதையும் இடிக்கவில்லை. மேல் டெக்கைக் கழற்றி மறுபடி மாட்டினாலும் இம்மி நகரவில்லை. கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

புதிதாக வருபவர்களுக்காக: இது நிஜக் கப்பல் எதன் நகலும் அல்ல. போர்க்கப்பல்களின் உள்வரைபடம் நமக்குக் கிடைக்காது. கிடைப்பதெல்லாம் கடற்படைகள் வெளியிடும் புகைப்படங்களும் பத்திரிகைகளில் வரும் வெட்டுத்தோற்றப் படங்களும்தான். அதனால் 140 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலத்தில் ஒரு கற்பனை ஃப்ரிகேட்டை வைத்துக்கொண்டு, அதன் முன்பாதியில் இரண்டு நீர்ப்புகாத் தடுப்புகளுக்கு நடுவே இருக்கும் 12 மீட்டர் துண்டை மட்டும் எடுத்தேன். 1/35 அளவில் 34 செ.மீ. நீளம், 46 செ.மீ. அகலம். இடது பாதியில் பழைய பாணிப் பெரிய மெஸ்டெக் (மாலுமிகள் மொத்தமாகத் தங்கும் கூடம்), வலது பாதியில் இன்றைய ஆறு பேர் கேபின்கள். பரப்பு இரண்டுக்கும் ஒன்றே. குளியலறை, கழிப்பறை போக இடதில் 42 பேர் படுக்கலாம், வலதில் 24 பேர்தான்.

தரைப்படம் வரையும்போது இடதில் இன்னும் நாலைந்து அடுக்கு தாராளமாகப் போடலாம் போலத் தோன்றும். அதை நம்பவே கூடாது. எத்தனை பேர் படுக்கலாம் என்பதைக் கப்பலில் தரையா முடிவு செய்கிறது? கூரையும் வெளியேறும் வழியும்தான். இரண்டு பாதிகளையும் கட்டக் கட்ட இதுதான் திரும்பத் திரும்ப முகத்தில் அறைகிறது.

கணக்கைப் பாருங்கள். டெக்கிலிருந்து டெக்குக்கு 2.7 மீட்டர் வைத்திருக்கிறேன், மாடலில் 77 மி.மீ. மேல் டெக்கைத் தாங்கும் விட்டங்கள் 35 செ.மீ. சாப்பிட்டுவிடும். மீதி 235. படுக்கை அடுக்கு தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் தொடங்கினால், மூன்றாகப் பங்கிட அடுக்குக்கு 75 செ.மீ. அதில் மெத்தைக்கு 10, மெத்தைக்கு அடியில் சாமான் வைக்கும் பெட்டிக்கு 18. படுப்பவருக்கு மிஞ்சுவது 47 செ.மீ. இப்போது இதே அடுக்குக்கு மேலே 25 செ.மீ. உயர டக்ட் ஒன்றை ஓட்டுங்கள். அடுக்குக்கு 67தான், படுப்பவருக்கு 39. வளர்ந்த ஆளின் தோள் அகலம் ஏறக்குறைய 45 செ.மீ. 47ல் புரண்டு படுக்கலாம். 39ல் மல்லாந்து படுத்தவர் மல்லாந்தபடியேதான் எழுந்திருக்க வேண்டும். ஒரே ஒரு டக்ட், அதுவும் தலைக்கு மேலே எங்கோ போவது, கீழே படுத்திருக்கும் மூன்று பேரின் தூக்கத்திலும் தலா 8 செ.மீ. எடுத்துக்கொள்கிறது!

சரி, டக்ட்டை நடைவழிக்கு மேலே தள்ளிவிட வேண்டியதுதானே? தள்ளலாம். அங்கே 210 செ.மீ. மிஞ்சும், நடக்கப் போதும். ஆனால் கேபிள் டிரேயும் அங்கேதான் வர வேண்டும். தீயணைப்புக் குழாயும் அங்கேதான். விளக்கும் அங்கேதான், இல்லையென்றால் மூன்றாம் அடுக்குக்காரரின் மூக்குக்கு நேரே எரியும். என் நடைவழி 90 செ.மீ. அகலம், மாடலில் 26 மி.மீ. கூடத் தேறாது. அந்த 26 மி.மீ.க்குள் 11 மி.மீ. அகல டக்ட், 6 மி.மீ. டிரே, 3 மி.மீ. குழாய், நடுநடுவே விளக்குப் பெட்டி. ஒரே மட்டத்தில் ஓடும்வரை எந்தச் சிக்கலும் இல்லை. டக்ட்டிலிருந்து பக்கவாட்டில் கிளை பிரியும் இடத்தில்தான் வினை. கிளை டிரேக்குக் கீழே போனால் தலை இடிக்கும், மேலே போனால் விட்டம் மறிக்கும். கடைசியில் கிளைகளை விட்டங்களுக்கு இடைப்பட்ட குழிக்குள் ஏற்றி, டிரேயை அந்தந்த இடத்தில் மட்டும் ஒரு படி இறக்கினேன். படங்களை உற்றுப் பார்த்தால் நிஜக் கப்பல்களிலும் டிரேக்கள் இப்படித்தான் காரணமே இல்லாமல் ஏறி இறங்குவதுபோல் தெரியும். காரணம் மேலே ஒளிந்திருக்கிறது.

டக்ட் செய்த விதம். சதுர டக்ட்டுக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் ஷீட் (பிளாஸ்டிக் தகடு) போதும், மூலைகளை 45 டிகிரியில் சீவி ஒட்டினால் கோடு தெரியாது. வட்ட டக்ட்தான் படுத்தி எடுத்தது. நிஜத்தில் அதன் மேல் சுருளாக ஒரு மடிப்பு ஓடும். ஸ்டைரீன் குழாயில் அதைக் கொண்டுவர, ஸ்ப்ரூவை, அதாவது மாடல் பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் கம்பியை, சூடாக்கி இழுத்த மெல்லிய இழையைச் சம இடைவெளியில் சுற்றி, பிளாஸ்டிக் ஒட்டும் மெல்லிய சிமென்ட்டைத் தூரிகை நுனியால் தொட்டுத் தொட்டு இறக்கினேன். இழை தடிமன் கொஞ்சம் மாறினாலும் பிரைமர் அடித்ததும் காட்டிக்கொடுத்துவிடும். இழுக்கும் இழைகளில் பாதி குப்பைக்குத்தான். வளைவுகளில் இந்த வித்தை எடுபடாது. அங்கே துண்டு துண்டாகச் சாய்த்து வெட்டிய குழாய்களை ஒட்டி, நிஜத்தைப் போலவே கணுக்கணுவாகக் காட்டிவிட்டேன். இன்சுலேஷன் சுற்றிய பகுதிக்கு மருந்துக்கடை காஸ் துணி. நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்துச் சுற்றி, காய்ந்தபின் மங்கலான வெள்ளை அடித்தால் கண்ணாடியிழைத் துணி மாதிரியே இருக்கிறது. காஸின் இழை நெருக்கம் முக்கியம். அகலக் கண்ணி இருப்பதை வாங்கினால் மீன்வலை சுற்றியதுபோல் ஆகிவிடும்.

டக்ட் தடுப்புச் சுவரைத் துளைத்து அடுத்த பகுதிக்குப் போகவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். வேண்டுமென்றேதான். இன்றைய போர்க்கப்பல்கள் காற்றோட்டத்தை மண்டலம் மண்டலமாகப் பிரித்துவிடுகின்றன. ஒரு பகுதியில் வரும் புகையும் வெள்ளமும் டக்ட் வழியாகப் பக்கத்துப் பகுதிக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக. அந்தந்த மண்டலத்துக்கென்று தனிக் காற்று யூனிட். அது ஓர் அறையைக் கேட்கிறது. என் மாடலில் அந்த அறை ஒரு மூன்றடுக்கை விழுங்கியது.

இன்னொன்றை விழுங்கியது தப்பிக்கும் ஏணி. பின்பக்கம் வழக்கமான கதவு, முன்பக்கம் மேல் டெக்குக்கு ஹேட்ச். ஹேட்ச் என்றால் கூரையில் ஓட்டை மட்டும் அல்ல. ஏணியின் காலடியில் இரண்டு பேர் நெருக்கியடிக்க இடம் வேண்டும், மேலே திறக்கும் இடத்திலும் யாரும் எதையும் வைக்கக் கூடாது. அமெரிக்க டிஸ்ட்ராயர் ஃபிட்ஸ்ஜெரால்டின் மேல் 2017 ஜூனில் ஜப்பானுக்கு அருகே சரக்குக் கப்பல் மோதியபோது, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த உறங்கும் அறை நிமிடக் கணக்கில்கூட அல்ல, நொடிக் கணக்கில் நிரம்பியது. 7 பேர் இறந்தார்கள். அரைத்தூக்கத்தில், இருட்டில், இடுப்பளவு தண்ணீரில் ஏணியைத் தேடும் ஆளை நினைத்துக்கொண்டுதான் அந்த மூலையைக் காலியாக விட்டேன். அங்கே ஒரு சோபா வைத்தால் அழகாக இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன்.

படுக்கைகள் எல்லாம் கப்பலின் நீளவாக்கில்தான். குறுக்குவாக்கில் போட்டால் இன்னும் இரண்டு அடுக்கு நுழைத்திருக்கலாம். ஆனால் கப்பல் பக்கவாட்டில் உருளும்போது குறுக்கே படுத்தவரின் தலையும் காலும் மாறி மாறி ஏறி இறங்கும். ஏற்கெனவே இது முன்பாதி. ஆட்டம் குறைவான நடுப்பகுதியை எஞ்சின்களும் அவற்றின் புகைபோக்கிகளும் பிடித்துக்கொள்வதால், படுக்கையறைகள் பெரும்பாலும் முன்னும் பின்னும் ஒதுங்குகின்றன. கடல்நோய்க்கு மேலும் கீழுமான அசைவுதான் முக்கியக் காரணம், அதிலும் ஐந்து ஆறு நொடிக்கு ஒருமுறை வருவது மோசம்.

இனி வலது பாதி. இங்கே இரண்டே அடுக்கு. சாமான் பெட்டியை மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்து நிற்கும் லாக்கராக்கிவிட்டால், டக்ட் மேலே ஓடினாலும் அடுக்குக்கு 90 செ.மீ. மிஞ்சுகிறது. படுக்கையில் உட்கார்ந்து காலுறை மாட்டலாம். விலை, லாக்கர் பிடிக்கும் தரை. மாலுமிகளின் வசதி என்பதோடு வேறொரு கணக்கும் இதில் உண்டு. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பணிபுரியும் கப்பலில் 42 பேர் கூடத்தைப் பிரிக்க முடியாது. பத்துப் பெண்கள் வந்தால் கூடத்தையே கொடுத்துவிட்டு மீதிப் படுக்கைகளைக் காலியாக வைக்க வேண்டும். ஆறு பேர் கேபின் என்றால் இரண்டைக் கொடுத்தால் முடிந்தது. பிரிட்டனின் டைப் 45 டிஸ்ட்ராயர்களில் கீழ்நிலை மாலுமிகளுக்கே ஆறு பேர் கேபின்தான்.

ஆனால் கேபினுக்குச் சுவர் வேண்டும், சுவருக்கு எடை உண்டு, எடை மேல் டெக்குகளில் ஏறினால் கப்பலின் நிலைத்தன்மை குறையும். அழகான உள்பலகைகள் கப்பலின் பக்கத் தகட்டை மறைத்தும் விடுகின்றன. பழைய மெஸ்டெக்கில் குழாயும் விட்டமும் அசிங்கமாகத் தெரிந்தாலும், தகடு கிழிந்து தண்ணீர் வந்தால் உடனே கண்ணில் படும், அடைக்கக் கையும் எட்டும். கேபினில் முதலில் பலகையைப் பெயர்க்க வேண்டும். அதனால் வலது பாதியில் ஒரு பலகையை மட்டும் காந்தம் வைத்துக் கழற்றும்படி செய்திருக்கிறேன். பின்னால் இருக்கும் விட்டமும் துருக்கறையும் தெரியும்.

ஆட்களைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வடிவமைப்பாளர்களின் பதில். ஜப்பானின் மொகாமி வகை ஃப்ரிகேட் 133 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 90 பேரோடு ஓடுகிறது. அமெரிக்காவின் ஆர்லி பர்க் வகையில் 150 மீட்டருக்குச் சற்று மேல், ஆட்கள் 300க்கு மேல், மூன்றடுக்குதான். எனக்கு இந்தக் குறைப்பில் முழு நம்பிக்கை இல்லை. அமெரிக்க எல்சிஎஸ் (கரையோரப் போர்) கப்பல்களை 40 பேர் மையக் குழுவுக்காக வடிவமைத்தார்கள், வேலைச் சுமை தாங்காமல் 50 ஆக்க வேண்டியிருந்தது. முதல் கப்பலான ஃப்ரீடம் 2013ல் சிங்கப்பூர் போவதற்கு முன் அதில் கூடுதல் படுக்கைகளைச் செருகினார்கள். சேதம் வரும்போது ஆள்தான் வேண்டும். 1988 ஏப்ரலில் பாரசீக வளைகுடாவில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் ஃப்ரிகேட் கண்ணிவெடியில் சிக்கி அடிப்பகுதியே உடைந்தபோது, ஓர் உயிர்கூடப் போகாமல் அதை மிதக்க வைத்தது மணிக்கணக்கில் போராடிய மாலுமிகள்.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் வகை எனக்குப் பிடித்த விசித்திரம். 149 மீட்டருக்கு மேல் நீளம், 7,000 டன்னைத் தாண்டும் எடை, நிரந்தரக் குழு சுமார் 120 பேர், படுக்கைகளோ 190. இரண்டு ஆண்டு வரை தாய்த்துறைமுகம் திரும்பாமல் இருக்கலாம், நான்கு மாதத்துக்கு ஒருமுறை முழுக் குழுவும் மாறும் என்று திட்டம். வாழ இடம் தாராளம். செங்குத்து ஏவுகணைக் குழாய் ஒன்றுகூட இல்லாமல்தான் 2019ல் சேவைக்கு வந்தது, அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது.

சரக்கு விஷயம். 1/35ல் ராணுவ உருவங்கள் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் எல்லாம் துப்பாக்கி பிடித்த காலாட்படை. தூங்கும் மாலுமி கிடைப்பதில்லை. டாங்கிக் குழுவினரின் தலையையும் ஓய்வெடுக்கும் உருவங்களின் கைகால்களையும் ஒட்டுப் போட்டுத்தான் ஓடுகிறது. கப்பலுக்கான போட்டோ எட்ச் (அரித்து வெட்டிய மெல்லிய உலோகப் பாகங்கள்) கேட்டால் 1/350 கைப்பிடிக் கம்பிகளை நீட்டுகிறார்கள். லாக்கர்களை வெளியே கொடுத்து ரெசினில் 3டி பிரிண்ட் எடுத்தேன். வந்ததில் பாதி வாழைப்பழமாக வளைந்திருந்தது. வெந்நீரில் போட்டு, கண்ணாடித் தகட்டுக்கு இடையில் அழுத்திச் சரிசெய்தேன். அந்தப் பட்டறைக்கு இனி வேலை கிடையாது.

அடுத்து சமையலறைத் துண்டு ஒன்று செய்ய ஆசை, அளவெல்லாம் எழுதத் தொடங்கிவிட்டேன். ஐஎன்எஸ் விக்ராந்த் செய்யேன் என்று நண்பர் ஒருவர் ஏற்றிவிடுகிறார். 2022 செப்டம்பரில் சேவைக்கு வந்த அந்தக் கப்பலில் 2,300க்கும் மேற்பட்ட அறைகள், சுமார் 1,700 பேருக்கு இடம், பெண் அதிகாரிகளுக்குத் தனி கேபின்கள். என் வேகத்துக்குப் பேரப்பிள்ளைகள்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். அதெல்லாம் இருக்கட்டும், வலது பாதியில் குளியலறையே இன்னும் பாக்கி.

அதற்கும் முன்னால் கேபின் கதவுகள். கேபின்களுக்கு நடுவில் நடைவழி 80 செ.மீ.தான், கதவு வெளியே திறந்தால் எதிரில் வருபவரை மறிக்கும், உள்ளே திறந்தால் லாக்கரில் இடிக்கும். லாக்கரை 15 செ.மீ. நகர்த்தி உள்ளே திறக்கும்படி வைத்துவிட்டேன். கதவின் கீழ்ப்பாதியில் உதைத்துத் திறக்கும் அவசரப் பலகை ஒன்று வர வேண்டும், சட்டம் வளைந்து கதவு சிக்கிக்கொண்டால் தவழ்ந்து வெளியேற. கடையில் கிடைக்கும் எந்தக் கதவிலும் அது இல்லை. 0.25 மி.மீ. ஷீட்டில் நானே வெட்டப்போகிறேன், நான்கு கேபினுக்கும்.