கம்பி நீட்டிய மேஸ்திரி

வீட்டு வேலையைப் பாதியில் விட்ட மேஸ்திரி பத்து நாளாக போனை எடுக்கவில்லை என்றால், ஆத்திரத்தில் உடனே வேறு ஆளை இறக்கிவிடாதீர்கள். புது ஆள் ஒரு சட்டி கலவை பூசினாலே பழையவர் எதுவரை செய்தார் என்ற சாட்சி அழிந்துவிடும்.

முதலில் டேப் பிடித்து அளந்து எழுதுங்கள், போட்டோ எடுங்கள். 12 அடி நீளம், 10 அடி உயரச் சுவர் என்றால் 120 சதுர அடி. 3க்கு 7 கதவைக் கழித்தால் பூச்சு 99. கூடவே மீதமுள்ள சிமெண்ட் மூட்டை, டைல்ஸ் பெட்டி எண்ணிக்கை. கொடுத்த பணத்துக்கு ஜிபே, வங்கிக் கணக்கு விவரம். கையில் கொடுத்தது என்றால் சிக்கல்தான். மீதி வேலைக்கு இன்னொரு கொத்தனாரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள்.

பிறகு வேலையை முடியுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள் என்று 15 நாள் கெடு வைத்து, மேஸ்திரிக்குப் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம். வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

அசையவில்லையா? நீங்கள் தருமபுரிக்காரர் என்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். மேஸ்திரி ஓசூர்க்காரராக இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். துருவைத் தேய்த்தெடுத்து சிமெண்ட் பால் பூசிவிடுங்கள்.