தொங்கிய மணிக்கட்டு நிமிர்ந்த கதை

வழுக்கி விழுந்ததில் வலது மேற்கை எலும்பு நடுவில் முறிந்தது. வலியைவிட என்னைப் பயமுறுத்தியது வேறொன்று. கையை நீட்டினால் மணிக்கட்டு துவண்டு தொங்கியது. விரல்களை நிமிர்த்தச் சொன்னார்கள், முடியவில்லை. கட்டைவிரலும் அசையவில்லை. மடக்க மட்டும் வந்தது. மணிக்கட்டு நிமிர்ந்து நிற்காவிட்டால் பிடிக்கு வலுவே கிடையாது என்பது ஒரு டம்ளரைத் தூக்கப் போனபோதுதான் புரிந்தது.

மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் ரேடியல் நரம்பு அந்த எலும்பின் பின்பக்கத்தை ஒட்டியே சுற்றி இறங்குகிறது. எலும்பு முறியும்போது அதுவும் நசுங்கும், இழுபடும். தோல் கிழியாத முறிவு என்பதால் நரம்பு அறுந்திருக்க வாய்ப்பு குறைவு, பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். எத்தனை நாள் என்று கேட்டேன். மாதக் கணக்கு என்றார்.

நான்காவது வாரம் ஈஎம்ஜி, அதாவது தசையின் மின் துடிப்பைப் பார்க்கும் பரிசோதனை, எடுத்தார்கள். அதற்கு முன்னால் எடுத்தால் பாதிப்பு முழுதாகத் தெரியாதாம். முன்கைத் தசைக்குள் மெல்லிய ஊசி இறங்கியதும் ஸ்பீக்கரில், ஓட்டுக் கூரை மேல் தூறல் விழுவது போல டிக் டிக் என்று சத்தம். நரம்புத் தொடர்பு விட்டுப்போன தசையிழைகள் தாமாகவே துடிக்கிற சத்தம் அது. "இப்போ மணிக்கட்டைத் தூக்கப் பாருங்க" என்றார்கள். என் பலத்தையெல்லாம் திரட்டித் தூக்கினேன். அந்தத் தூறலைத் தவிர வேறு சத்தமே வரவில்லை. அன்று ராத்திரி தூங்கவில்லை.

அடுத்த முறை போனபோது டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். அந்தப் பத்து நிமிடம்தான் என்னைக் காப்பாற்றியது. செட்டன் என்ற மருத்துவர் 1943-ல் நரம்புக் காயங்களை மூன்று நிலையாகப் பிரித்தார். எனக்கு நடு நிலை என்று டாக்டர் கணித்தார். அதாவது உள்ளே ஓடும் நரம்பிழைகள் அறுந்துவிட்டன, அவற்றைச் சுற்றியிருக்கும் குழாய்கள் அப்படியே இருக்கின்றன. காயத்துக்குக் கீழே இருக்கும் இழை சிதைந்து போகும். வாலர் என்ற ஆய்வாளர் இதை 1850-லேயே தவளையின் நாக்கு நரம்புகளில் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இழைக்குச் சொந்தமான செல் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் உயிரோடு இருக்கிறது. கீழே, நரம்பிழைகளைப் போர்த்தியிருந்த ஷ்வான் செல்கள் சிதைந்ததை அப்புறப்படுத்திவிட்டு, காலியான குழாய்க்குள் வரிசையாக நின்று வழி காட்டும். மேலிருந்து புது முளைகள் கிளம்பி அந்த வழியே இறங்கும். வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்.

முதலில் நரம்பு போய்ச் சேர வேண்டிய தசை முழங்கைக்குச் சற்று மேலே. என் காயத்திலிருந்து அது ஏறக்குறைய 9 சென்டிமீட்டர். கிளம்புவதற்குச் சில வாரம், அப்புறம் 90 நாள். நாலு மாதம் காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரிந்தபின் பொறுமை தானாக வந்தது.

அதுவரை வேலை இரண்டே. மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளிண்ட், விரல்கள் இறுகிவிடாமல் மறு கையால் நீட்டிவிடுவது. நரம்பு வந்து சேரும்போது மூட்டு இறுகிக் கிடந்தால் என்ன பயன்? இதில் சோம்பல் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மேற்கையில் நரம்பின் பாதையை விரலால் தட்டிப் பார்ப்பார் டாக்டர். ஓரிடத்தில் சுருக்கென்று புறங்கை வரை மின்சாரம் ஓடும். அடுத்த முறை அந்த இடம் கீழே நகர்ந்திருந்தது. அப்படிச் சுருக்கென்பது உணர்வு இழைகள்தான். இயக்க இழைகள் சத்தமில்லாமல் கூடவே வருகின்றன.

நாலாவது மாதக் கடைசி. கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கையை வைத்து முழங்கையை மடக்கும்போது, முன்கையின் மேல் விளிம்பில் தோலுக்கடியில் ஏதோ நெளிந்தது. புழு ஊர்வது போல. மறுபடி மடக்கினேன். மறுபடி நெளிந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இரண்டாவது ஈஎம்ஜியில் தூறலுக்கு நடுவே கரகரவென்று புதுச் சத்தம். வந்து சேர்ந்த முளை கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்வதில்லையாம். தசையிழையைப் போர்த்திய மெல்லிய உறையில் பழைய சந்திப்பின் அடையாளம் இருக்கிறது. பெரும்பாலும் அங்கேயே போய் இணைகிறது. அதோடு நிற்பதும் இல்லை. முதலில் வந்த சில நரம்பிழைகள் பக்கவாட்டில் கிளைவிட்டு, நரம்பில்லாமல் கிடக்கும் அண்டைத் தசையிழைகளையும் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கிளைகளுக்குப் பாலம் போடுவதும் ஷ்வான் செல்கள்தான். ஒரு நரம்புச் செல் தன் பழைய பங்கைப்போல நாலைந்து மடங்கு வரை சுமக்குமாம். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தசை சீக்கிரம் களைத்துப் போவது ஏன் என்றும் விளங்கியது. ஆரம்பத்தில் அதைச் சக்கையாகப் பிழியாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

ஆறாவது மாதம் மணிக்கட்டு எழுந்தது. முதலில் மேஜையில் பக்கவாட்டாக வைத்து, அப்புறம் எடைக்கு எதிராக. எட்டில் விரல்கள். கட்டைவிரல் அதற்கும் பின்னால்.

ஆள்காட்டி விரலைத் தனியாக நிமிர்த்தும் சின்னத் தசைக்குத்தான் நரம்பு கடைசியாகப் போகிறது. மற்ற விரல்களை மடக்கிவைத்து அதை மட்டும் தினமும் தூக்கிப் பார்ப்பேன். பத்து மாதம் கழித்து ஒரு காலையில் அது அரை அங்குலம் எழுந்து, நடுங்கியபடி நின்றது.