காகாசனம் பழகும் சனிக்கிழமைகள்

2025 ஜூலை 5, சனி

சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் மாலை யோகா வகுப்பு. பழகுவது காகாசனம், கைகளை ஊன்றி உடம்பைக் காகம்போல் தூக்கி நிறுத்தும் ஆசனம். மாஸ்டர் இன்றைக்கும் யாரையும் காலைத் தூக்க விடவில்லை. மணிக்கட்டைச் சுழற்றினோம், தவழும் நிலையில் தோளை மெல்ல முன்னால் கொண்டுபோனோம். அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளுக்கு அலுப்பு. எனக்கு இந்தப் பொறுமை பிடித்திருக்கிறது. உடம்பின் மொத்த பாரமும் இரண்டு உள்ளங்கையில் இறங்கப்போகிறது. விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடிக்கணுவைத் தரையில் நன்றாக அழுத்த வேண்டும். அது எழும்பினால் பாரம் மணிக்கட்டின் வெளிப்பக்கம் சாய்ந்துவிடும்.

ஜூலை 12, சனி

பக்கத்து வீட்டு அக்காவை அழைத்துப் போனேன். இளவயதிலிருந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய கை. வலது மணிக்கட்டு பின்னால் அதிகம் மடங்காது. இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகின்றனவாம். மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்கப்பட்டால் இந்த விரல்கள்தான் முதலில் மரக்கும்.

"அக்கா, நீங்க கையில பாரம் போடவே வேணாம். மல்லாந்து படுத்துக்கிட்டு இதையே செய்ங்க" என்றார் மாஸ்டர்.

உள்ளங்கை கூரையைப் பார்க்க, முழங்கால்கள் மேல்கையைத் தொட, முதுகு வளைந்து வயிறு இறுகியது. ஆசனத்தின் வடிவம் அப்படியே வந்துவிட்டது. அக்கா முகத்தில் அப்படியொரு மலர்ச்சி!

ஜூலை 19, சனி

இன்று என் முறை. காலடியில் மரக்கட்டை, முகத்துக்கு முன்னால் தலையணைகள். குந்தி உட்கார்ந்து, முழங்கால்களை அக்குளுக்குப் பக்கத்தில் மேல்கையில் பதித்தேன். முழங்கை வெளியே விரியக்கூடாது. பார்வை ஒரு முழம் முன்னால். குனிந்து காலைப் பார்த்தால் தலை கவிழும். எம்பிக் குதிக்கவே கூடாது. தோள் முன்னால் போகப் போக, பாரம் கைக்கு மேல் வந்து கால்விரல்கள் தாமே லேசாகும். முதலில் ஒரு கால், பிறகு மற்றது. மூச்சை அடக்காமல் இரண்டும் எழுந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஜூலை 26, சனி

15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகை என்ற யோக நூலில் குக்குடாசனமும் (சேவல்) மயூராசனமும் (மயில்) இருக்கின்றன. இரண்டிலும் உடம்பைத் தாங்குவது கைதான். காகாசனம் நன்றாகக் கைவராமல் அவற்றின் பக்கம் போகமாட்டேன்.

அக்கா இன்றும் படுத்தபடிதான் செய்தார். மரப்பு மட்டும் குறையவில்லை. திங்கட்கிழமை கிளினிக்குக்கு நானே கூட்டிப்போகிறேன்.