நான்கு கார்புரேட்டர், மூன்று திருகு, ஒரு ரப்பர் மூடி

நேற்று சாயங்காலம் நாலரை மணிக்கு என் ஹோண்டா சூப்பர் ஃபோர் பைக், த்ராட்டிலைத் தொடாமல் ஓடவிடும் ஐட்லிங்கில் ஒரே சீராக நின்றது. ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று) காட்டும் டாக்கோமீட்டரின் முள் ஆடவே இல்லை. நாலு மாதம் இதற்காகத்தான் அலைந்தேன். சந்தோஷம் தாங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வண்டி ஸ்பெக் 3 மாடல், 399 சிசி, 2007 பதிவு. அடுத்து வந்த ரெவோ மாடல், பெட்ரோலைக் கணினி தெளிக்கும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. அதனால் பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் வைத்த சூப்பர் ஃபோர்களில் இது கடைசித் தலைமுறை. 2017இல் சிஓஇயை (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) பத்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். இதுவரை 1,18,000 கிலோமீட்டர். தினமும் தீவு விரைவுச்சாலையில் வேலைக்குப் போய் வருகிறது, மாதம் ஒரு முறை கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்கும் போகிறது.

நோய் இதுதான்: சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஒரு தடவை ஆயிரத்துக்கு இறங்கித் தடுமாறும். அடுத்த சிக்னலில் இரண்டாயிரத்தில் தொங்கிக்கொண்டு இறங்க மறுக்கும். ஓட்டத்தில் த்ராட்டிலை மூடினால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும். பிளக், ஏர் ஃபில்டர் புதிது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட் எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. வால்வு இடைவெளியும் இன்ஜின் ஆறிய நிலையில் பார்த்தாயிற்று. மிச்சம் சிங்க் மட்டும்தான், அதாவது நாலு கார்புரேட்டரையும் ஒன்றுக்கொன்று சமப்படுத்துவது.

சிங்க் செய்வதை எனக்குத் தெரிந்த பலர் பணிமனையில் கொடுத்துவிடுகிறார்கள். நானும் ஒரு தடவை கொடுத்தேன். இருபது நிமிடத்தில் முடித்துத் தந்துவிட்டார்கள், இரண்டு நாளில் பழையபடி ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு சிலிண்டரின் வேக்குவத்தையும் (உறிஞ்சும் இழுப்பையும்) முள்ளில் காட்டும் நாலு கேஜ் செட் ஒன்று வாங்கினேன். காக்கி புக்கிட்டில் நண்பர் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன இடத்தில் ஞாயிறுதோறும் உட்கார ஆரம்பித்தேன்.

கேஜ் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது, நாலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சிலிண்டரில் மாட்டிப் பார்ப்பது. என்னுடைய செட்டில் மூன்றாவது கேஜ் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. அது தெரியாமல் திருகியிருந்தால் சரியாக இருந்த கார்புரேட்டரைக் கெடுத்திருப்பேன். ஹோஸில் இருக்கும் சின்ன வால்வை முள் படபடப்பது நிற்கும் வரைதான் மூட வேண்டும். முழுக்க மூடினால் முள் செத்துப்போகும், அது காட்டும் அளவில் உண்மை இருக்காது.

கார்புரேட்டர் நாலு என்றாலும் சிங்க் திருகு மூன்றுதான். ஒன்று அசையாத அடிப்படை, மற்ற மூன்றையும் அதற்குச் சமமாகக் கொண்டுவர வேண்டும். திருகைக் கால் சுற்றுகூடத் திருப்ப வேண்டியதில்லை, மூச்சு விடுகிற அளவு அசைத்தாலே முள் நகரும். ஒவ்வொரு தடவை திருகிய பிறகும் த்ராட்டிலை ஒரு முறை முறுக்கி விட வேண்டும். இல்லையென்றால் கார்புரேட்டர்களை இணைக்கும் லிங்கேஜ் தன் இடத்தில் உட்காராது, நீங்கள் பார்க்கும் அளவு பொய். டாங்கைக் கழற்றிவிட்டு, மேலே தொங்கவிட்ட பாட்டிலிலிருந்து பெட்ரோல் போகும். நம் ஊர் வெப்பத்தில் காற்றில்லாமல் வண்டியை நிறுத்தியே ஓடவிட்டால் டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போகும். பெரிய ஸ்டாண்ட் ஃபேன் ஒன்றை ரேடியேட்டருக்கு நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படி மூன்று ஞாயிறு. மூன்று தடவையும் நாலு முள்ளும் ஒரே கோட்டில் நின்றன. கேஜைக் கழற்றி, மூடிகளைப் போட்டு, டாங்கை மாட்டிக் கிளம்பினால், முதல் சிக்னலிலேயே ஆர்பிஎம் தொங்கியது. மனசு விட்டுப்போனது.

நேற்று நண்பர்தான் கேட்டார்: “அண்ணே, கேஜ் மாட்டியிருக்கும்போது நல்லா இருக்கு, கழட்டினா கெட்டுப்போகுது. அப்ப கழட்டின அப்புறம் என்ன மாறுது?”

மாறுவது மூடி மட்டும்தான்! எனக்கு முன் வண்டி வைத்திருந்தவர் கேஜ் மாட்டும் வேக்குவம் துளைகளில் பித்தளை நிப்பிள்களை நிரந்தரமாக மாட்டி, மேலே ரப்பர் மூடி போட்டிருந்தார். கேஜ் ஹோஸ் மாட்டும்போது மூடி வெளியே வந்துவிடும், ஓட்டை அடைபட்டுவிடும். மூடியைத் திரும்பப் போட்டால் அதில் இருக்கும் விரிசல் வழியாகக் காற்று உள்ளே போகும். அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் காற்று கூடிப்போகும். கேஜால் இதை ஒருநாளும் காட்ட முடியாது, ஏனென்றால் கேஜ் இருக்கும்போது நோயே இல்லை.

ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு மூடியிலும் அடித்தேன். சூடான இன்ஜினில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சோதிப்பது ஆபத்து, தண்ணீரே போதும். நான்காவதில் பட்டதும் ஆர்பிஎம் சட்டென்று இறங்கிச் சீரானது, காய்ந்ததும் மறுபடி ஏறியது. மூடியைக் கழற்றி விரலால் மடக்கினேன். வெளியே பார்க்க நல்ல ரப்பர், மடக்கினால் கழுத்தில் முக்கால் வட்டம் விரிசல். நாலையும் மாற்றினேன். ஒரு மூடியின் விலை ஒரு வெள்ளிகூட இல்லை.

பழைய வண்டிக்கு கிலோமீட்டர் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது என்பதை இது எனக்கு நன்றாகப் புரியவைத்தது. ரப்பர் ஓடாமல் நின்றாலும் கிழடாகும். ஆயில், செயின் எல்லாம் ஓட்டத்தை வைத்துச் சரியாகச் செய்துவந்தேன். ஆயில் பைக் கிளட்சுக்கு ஏற்ற ஜாசோ எம்ஏ தரம், மழையில் நனைந்த இரவே செயினுக்கு லூப் (மசகு). பிரேக் ஃப்ளூயிட் ஈரத்தை உறிஞ்சும் என்பதால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவேன். ஆனால் ஹோஸ், மூடி, கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பரான இன்டேக் பூட் இவற்றுக்கு என் நோட்டில் பக்கமே இல்லை. இப்போது தேதி போட்டுத் தனிப் பக்கம் வைத்துவிட்டேன். வருடாந்தரச் சோதனைக்கு ஒரு மாதம் முன்பு எல்லாவற்றையும் மடக்கிப் பார்ப்பது என்று முடிவு. பேட்டரி வோல்டேஜும் அதே நாளில்: ரெவ் ஏற்றினால் 14 வோல்ட்டை ஒட்டி நிற்க வேண்டும், இல்லையென்றால் சார்ஜிங் ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம்.

மூடியும் பெட்ரோல் ஹோஸும் ஜோகூரில் வாங்கினேன். அங்கே ஒரு மலாய் பாக்சிக் (பெரியவர்) கடையில் ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார். வாங்கும் முன் மடக்கிப் பாருங்கள், கடையில் கிடந்தே வெயில் பட்ட சரக்கும் உண்டு.

நண்பருடைய பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் பைக்குக்கும் அதே மூடிகளை வாங்கி வந்தேன். சிங்கப்பூரில் 2003 ஜூலை 1க்கு முன் பதிவான பைக்குகள், பழம்பெரும் வாகனத் திட்டத்தில் இருப்பவை தவிர, 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. அவர் வண்டியும் அந்தக் கணக்கில் வருகிறது. ஆனாலும் போன வாரம் புது பிஸ்டன் ரிங் போட்டிருக்கிறார். கடைசி நாள் வரை நன்றாக ஓட வேண்டும் என்கிறார். எனக்கும் அப்படித்தான்.

சிங்க்கை இன்னொரு தடவை புது மூடிகளோடு சரிபார்க்க வேண்டும், அது பாக்கி. அதற்குள் முன் ஃபோர்க்கில் வலப் பக்கம் எண்ணெய் கசிய ஆரம்பித்திருப்பதைக் கவனித்தேன். சீல் செட் வாங்கி வைத்தாயிற்று, பழைய சீலை இழுக்கும் கருவிதான் வேண்டும். காக்கி புக்கிட் பக்கம் யாரிடமாவது இரவல் கிடைத்தால் அடுத்த ஞாயிறே இறங்கிவிடுவேன்.