மூன்று சொல் வசனம்

சாம்பல் புதன் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் வேதபாட ஆசிரியர் ஆளுக்கொரு துண்டுத் தாள் தருவார். விரும்பிய ஒரு வசனத்தை அதில் எழுதி வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின தவக்காலமான லெந்து முடியும்வரை அந்த ஒரு வசனம்தான். தினமும் காலை ஜெபத்துக்கு முன் அதை ஒருமுறை வாசித்துவிட்டு, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்கம் கேட்டால் சொல்லமாட்டார். 'பிறகு பார்ப்போம் தம்பி' என்பார்.

சாம்பல் புதனிலிருந்து உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின நாள்வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே, பிறகு ஏன் லெந்து நாற்பது நாள் என்கிறார்கள் என்று ஒருவன் கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் உடனே பதில் சொன்னார். இடையில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் சேராது. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், லெந்துவுக்குள் வந்தாலும் அது துக்க நாள் அல்ல என்றார்.

ஒன்பதாம் வகுப்பில் நான் யோவான் 11:35 எழுதிக் கொடுத்தேன். 'இயேசு கண்ணீர் விட்டார்.' மூன்றே சொற்கள். மனப்பாட வசனம் கேட்கும்போதெல்லாம் விடுதியில் முந்திக்கொள்கிறவன் சொல்லும் வசனம் அது. இந்த மலரைப் படிக்கிற உங்களில் பலரும் அதைச் சொல்லியிருப்பீர்கள். சோம்பலால்தான் எடுத்தேன் என்பது ஐயாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கடிந்துகொள்ளவில்லை. 'நல்ல வசனம் எடுத்திருக்கிறாய். ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டிரு. நண்பன் லாசரு இறந்துவிட்டான். நான் அவனை எழுப்பப்போகிறேன் என்று சீஷரிடம் முன்பே சொல்லிவிட்டுத்தான் புறப்படுகிறார். சற்று நேரத்தில் லாசரு நடந்து வரப்போகிறான். அப்படியிருக்க எதற்காகக் கண்ணீர் விட்டார்?'

முதல் வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்தேன். ஒரே வசனத்தை எத்தனை நாள் பார்ப்பது என்று சலித்து, அதற்கு மேலும் கீழும் உள்ள வசனங்களை வாசிக்கத் தொடங்கினேன். அங்கே ஒன்று கண்ணில் பட்டது. 33ஆம் வசனத்தில் லாசருவின் சகோதரி மரியாள் அழுகிறாள், கூட வந்தவர்களும் அழுகிறார்கள். இயேசுவுக்கு வரும்போது மட்டும் 'அழுதார்' என்று இல்லை, 'கண்ணீர் விட்டார்' என்று இருக்கிறது. பின்னாளில் கிரேக்க மூலத்தைப் பற்றிப் படித்தபோது அங்கேயும் இரண்டு வினைச்சொற்கள் இருப்பது தெரிந்தது. மற்றவர்களுக்கு வாய்விட்டு அழும் சொல். அவருக்குச் சத்தமில்லாமல் கண்ணீர் வழியும் சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்தச் சொல் வினையாக வருவது இந்த ஓரிடத்தில்தான். நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வேறுபாட்டைத் தமிழில் விட்டுவிடாமல் காத்திருக்கிறார்கள். அதற்காக இன்றைக்கும் அவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை ஐயா என்னிடம் பதில் கேட்டார். 'லாசருவின் மேல் அவ்வளவு அன்பு, ஐயா' என்றேன். 'அடுத்த வசனத்தில் யூதர்கள் சொல்வதும் அதுதான். அது அவர்களுடைய பதில். உன்னுடையதை நீ கண்டுபிடிக்க வேண்டும்' என்று சொல்லித் தாளை என் கையிலேயே திருப்பித் தந்தார். பள்ளியை விட்டுப் போகும்வரை அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

வருடங்கள் ஓடின. உங்களில் பலரைப் போல நானும் கடல் கடந்தேன். அப்பா இறந்தபோது என்னால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து வாசலில் பெட்டியோடு நின்றேன். அக்கா வெளியே வந்து, 'நீ இங்கே இருந்திருந்தால் அப்பா போயிருக்கமாட்டார்' என்றாள். நான் உடனே விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். விடுப்பு, விசா, கிடைக்காத விமான டிக்கெட். சொன்னது அத்தனையும் உண்மை. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குள் நலம் விசாரிப்பதைத் தவிர வேறு பேச்சு இல்லாமல் போயிற்று.

மூன்றாண்டுச் சுழற்சி வாசக அட்டவணையைப் பின்பற்றும் சபைகளில், அதன் முதலாம் ஆண்டில் லெந்துவின் ஐந்தாம் ஞாயிறு வாசிக்கப்படுவது யோவான் 11ஆம் அதிகாரம். அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு, பாடுகளின் வாரம் தொடங்கும் நாள். அந்த அதிகாரம் அங்கே நிற்பதற்குக் காரணம் அதன் முடிவிலேயே இருக்கிறது: லாசருவை எழுப்பிய செய்தி போய்ச் சேர்ந்த நாள்முதல் யூத ஆலோசனைச் சங்கத்தார் இயேசுவைக் கொலைசெய்யத் திட்டமிடுகிறார்கள். நண்பனைக் கல்லறையிலிருந்து வெளியே அழைத்தவர் அதனாலேயே தம்முடைய கல்லறைக்கு ஓரடி நெருங்குகிறார். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

அப்பா போய் இரண்டு வருடம் கழித்து அந்த ஞாயிறு வந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நோய்ச் செய்தி கிடைத்தும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்குகிறார். வந்து சேரும்போது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நாலு நாளாயிற்று. மரியாளின் சகோதரி மார்த்தாள் எதிர்கொண்டு போய், 'ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்' என்கிறாள். பிறகு மரியாள் வந்து அவர் பாதத்தில் விழுந்து அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன், இருவரும் சொல்வது ஒரே வாக்கியம் என்பது அன்றுதான் காதில் விழுந்தது. மார்த்தாளுக்கு அவர் 'நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்' என்று பதில் சொல்கிறார். மரியாளுக்கு அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. தாமதத்துக்குக் காரணம் அவரிடம் இருந்தது, ஆனால் அதைச் சொல்லவில்லை. 'அவனை எங்கே வைத்தீர்கள்' என்று மட்டும் கேட்கிறார். வந்து பாரும் என்கிறார்கள். அதற்கடுத்துத்தான் என் மூன்று சொற்கள்.

வேதபண்டிதர்கள் இதற்கு வேறு விளக்கங்கள் சொல்லலாம். மரணத்தின் மேல் கோபம் என்பார்கள், கூட்டத்தின் அவிசுவாசத்தால் வந்த துயரம் என்பார்கள். நான் அவற்றை மறுக்கவில்லை. என் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது: மரியாள் முன்னால் நின்றபோது, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை அவர் அவளுக்கு முன்னால் நீட்டவில்லை. எழுப்பப்போகிறவர் என்பதால் அவளுடைய நாலு நாளை அவர் தாண்டிப் போய்விடவில்லை.

ஐயா இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தப் பதிலையும் கேட்டுவிட்டு 'பிறகு பார்ப்போம் தம்பி' என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அப்பாவை எங்கே வைத்தீர்கள், யார் யார் வந்தார்கள், கடைசி நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். முன்பு ஒருபோதும் நான் அதைக் கேட்டதில்லை. அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் பேசவில்லை, என்னால் பேசவும் முடியவில்லை. பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். கடைசி இரவில் அப்பா இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். 'தம்பி வந்துகொண்டிருக்கிறான் அப்பா' என்று இரண்டு முறையும் அக்காதான் பதில் சொன்னாளாம்.